திருப்பூர்ல நான் போற ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் - அஞ்சு மாச அனுபவம்

திருப்பூர்ல ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் தேடுறவங்க நிறைய பேரு இருக்கீங்கனு தெரியும், அதுலயும் பனியன் கம்பெனில ஆபீஸ் வேலை பாக்குறவங்க, அதனால கொஞ்சம் பெருசாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல விவரம் சொல்லிடறேன். மாசம் 1,200 ரூபா. அட்மிஷன் ஃபீஸு, புக்கு காசுனு தனியா எதுவும் இல்ல. திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் சாயங்காலம் 6.30 டூ 8. சனிக்கிழமை லீவு, நம்மூர்ல சனிக்கிழமை சம்பள நாளு, அன்னிக்கு யாரும் வரமாட்டாங்கனு சாருக்கு நல்லாவே தெரியும். ஒரு பேட்ச்ல 14 பேரு, அதுக்கு மேல சேக்கறதில்ல. ஒன்றரை ஷிப்ட் பாக்குறவங்களுக்கு இந்த டைம் சுத்தமா ஒத்துவராது, அவங்களுக்குனு ஞாயித்துக்கிழமை காலைல தனியா ஒரு பேட்ச் இருக்கு. சொல்லித்தர்றவரு அரசு பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவரு. தமிழ் மீடியம் புள்ளைங்களுக்கே முழு சர்வீசும் சொல்லிக்குடுத்திருக்காரு, அது எவ்வளவு பெரிய விஷயம்னு உள்ள போனதுக்கப்புறம்தான் புரிஞ்சுது.

நான் ஏன் சேந்தேன்னு சொல்லணும். நானும் தமிழ் மீடியம்தான். +2ல இங்கிலீஷ் 200க்கு 148 எடுத்தேன், பி.காம் முடிச்சேன், இப்ப ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசருக்கு, அதாவது ஆர்டர்கள கவனிச்சுக்கறவருக்கு, அசிஸ்டெண்டா ஆறு வருஷமா இருக்கேன். மெயில் படிச்சா புரியும், பதிலும் எழுதிருவேன், டெக் பேக்க, அதாவது டிசைனும் அளவும் போட்டு வர்ற பேப்பர பாத்தா எந்த அளவு எங்க எடுக்கணும்னு தெரியும். ஆனா பையர், அதாவது துணி வாங்குற வெளிநாட்டுக்காரங்க, போன்ல வந்தா வாய் கட்டிப்போயிரும். அவங்க என்ன சொன்னாலும் "ஓகே ஓகே, ஷ்யூர்"னு சொல்லி வெச்சுட்டு அப்புறமா சீனியர்கிட்ட போய் கேப்பேன். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு குழந்தைங்க டீஷர்ட் ஆர்டரு. கால்ல பையர் கழுத்து அளவு பத்தி என்னமோ வேகமா சொன்னாங்க, நான் நெக் வித், அதாவது கழுத்து அகலம்னு நெனச்சுக்கிட்டு ஓகேனுட்டேன். அவங்க சொன்னது கழுத்த இழுத்துப் பிடிச்சா குறைஞ்சது எவ்வளவு விரியணும்ங்கறத, குழந்தை தலை உள்ள போகணும்ல, அதுக்காக. சாம்பிள் போச்சு, அங்க திருப்பிட்டாங்க, கழுத்துல வர்ற ரிப் துணிய மாத்தி மறுபடி தெச்சு அனுப்பி அது போய்ச் சேர 9 நாளு. யாரும் என்னைய திட்டல. ஆனா அந்த 9 நாளும் எனக்கு சோறு எறங்கல, ஏன்னா எனக்கு அந்த இடத்துல புரியலங்கறது எனக்கு அப்பவே தெரியும். புரியலனு சொல்ல வரல. அவ்வளவுதான் பிரச்சனையே.

அதுக்கப்புறம் மொதல்ல வேற ஒரு இடத்துல சேந்தேன், பேரு வேண்டாம். 30 நாள்ல சரளமானு பெரிய பேனரு, ஏசி ரூமு, மொத்தமா 7,500 கட்டுனேன். அங்க ஒரு ரூலு, கிளாஸுக்குள்ள ஒரு தமிழ் வார்த்தை பேசுனா அஞ்சு ரூபா ஃபைன், டேபிள் மேல ஒரு உண்டியல் இருக்கும். மொத நாளு 40 ரூபா போட்டேன். ரெண்டாவது நாளு அஞ்சு ரூபா கூட போடல, ஏன்னா வாயே தொறக்கல. என்னைய மாதிரிதான் முக்கால்வாசி பேரு, நல்லா பேசத் தெரிஞ்ச மூணு பேரு பேசுவாங்க, மத்தவங்க சிரிச்ச மூஞ்சியோட தலையாட்டிட்டு உக்காந்திருப்போம். காசுக்காகனு சொல்ல முடியாது, உண்டியல்ல காசு விழற சத்தம் இருக்கே, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, அதுக்குப் பயந்துக்கிட்டுதான். 30 நாள் முடிஞ்சு சர்டிபிகேட் குடுத்தாங்க. அது இன்னும் பீரோல இருக்கு.

அதனால இந்த கிளாஸுக்கு வர்றப்ப எனக்கு நம்பிக்கையே இல்ல, பக்கத்து வீட்டு அக்கா கட்டாயப்படுத்துனதாலதான் வந்தேன். மொத நாளு சார் எல்லாரையும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு நிக்கச் சொன்னாரு. "நேத்து ராத்திரி வீட்டுல என்ன சமையலு, யாரு சமைச்சா, எப்புடி இருந்துச்சு, ரெண்டு நிமிஷம் சொல்லுங்க, தமிழ்லயே சொல்லுங்க"ன்னாரு. தமிழ்லதானேனு எந்திரிச்சேன். "நேத்து வந்து... அரிசிம்பருப்பு சாதம்..." அவ்வளவுதான். 13 பேரு பாக்குறாங்க, கை நடுங்குது, தரையப் பாத்துட்டே ஒரு 20 செகண்டு, முடிஞ்சுதுங்க சார்னு உக்காந்துட்டேன். என் தாய்மொழில, நேத்து நானே ஆக்குன சோத்தப் பத்தி, என்னால ரெண்டு நிமிஷம் பேச முடியல. இத்தன வருஷமா இங்கிலீஷ் வரலனு நெனச்சுக்கிட்டிருந்தேனே, அது பாதிதான் உண்மைனு அன்னிக்கு தெரிஞ்சுது. சின்ன வயசுல இருந்து நாலு பேரு முன்னாடி நின்னு பேசுனதே இல்ல, வீட்டுலயும் சரி பள்ளிக்கூடத்துலயும் சரி பேசச் சொன்னதும் இல்ல. அந்த பேசாத பழக்கம் எல்லாம் சேந்து இங்கிலீஷ் மேல போய் உக்காந்துக்கிச்சு.

மொத ரெண்டு வாரம் முழுக்க இதேதான், மொதல்ல தமிழ்ல ரெண்டு நிமிஷம், அப்புறம் அதே விஷயத்த தெரிஞ்ச இங்கிலீஷ்ல. வார்த்தை தெரியலனா நடுவுல தமிழ் வார்த்தைய போட்டுட்டு போயிட்டே இருக்கணும், நிக்கக் கூடாது. நாம பேசறப்ப அவரு குறுக்க வந்து திருத்தவே மாட்டாரு. கையில ஒரு நோட்டு வெச்சு எழுதிக்குவாரு, எல்லாரும் முடிச்சப்புறம் யாரு சொன்னதுனு சொல்லாம போர்டுல எழுதி, இத எப்புடி சொல்லலாம்னு பொதுவா கேப்பாரு. நான் சொன்ன தப்புனு எனக்கு மட்டும்தான் தெரியும்.

மூணாவது வாரத்துல இருந்து ஒரு பயிற்சி, எனக்கு ரொம்ப உதவுனது இதுதான். ரெண்டு ரெண்டு பேரா உக்காரணும். ஒரு விஷயத்த நாலு நிமிஷம் சொல்லணும். அப்புறம் ஆள மாத்தி, அதே விஷயத்த புது ஆளுக்கு மூணு நிமிஷத்துல. மறுபடி ஆள மாத்தி ரெண்டு நிமிஷத்துல. மொத தடவ திக்கித் திக்கி வர்றது மூணாவது தடவ தானா ஓடுது, வார்த்தைய தேட வேண்டியதில்ல, ஏற்கனவே ரெண்டு தடவ தேடி எடுத்து வெச்சாச்சுல்ல. இது அவரா கண்டுபிடிச்சது இல்ல, மொழி சொல்லித்தர்றவங்க பல நாட்டுல பண்ற பழைய பயிற்சிதான்னு சாரே சொன்னாரு. கேக்கறவங்களுக்கும் ஒரு வேலை உண்டு, புரியலனா கையத் தூக்கி நிறுத்தி "சாரி, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்"னு சொல்லியே ஆகணும். சொல்லாம தலையாட்டுனா சார் கண்டுபிடிச்சிருவாரு, "இப்ப அவங்க என்ன சொன்னாங்க, எனக்கு சொல்லு கண்ணு"ம்பாரு. அந்த ஒரு வரிய நான் ஒரு மாசத்துல நூறு தடவைக்கு மேல சொல்லிருப்பேன். மொதல்ல சொல்றப்ப காது சூடாகும். இப்ப "தண்ணி குடுங்க"னு கேக்கற மாதிரி வருது.

இலக்கணம் சொல்லித்தர்ற விதமும் பிடிச்சிருக்கு, தமிழ பக்கத்துல வெச்சுக்கிட்டே சொல்லுவாரு. நமக்கு வினை கடைசில வரும், நான் நேத்து கம்பெனிக்குப் போனேன், இங்கிலீஷ்ல போனேன்ங்கறது நடுவுலயே வந்துரும், ஐ வென்ட். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஆனா "வி"னு ஒரு வார்த்தைக்கு ஒரு கிளாஸ் முழுக்க எடுத்தாரு பாருங்க, நான் இத்தன வருஷம் மெயில் எழுதறேன், யோசிச்சதே இல்ல. நமக்கு நாம வேற, நாங்க வேற. கேக்கற ஆளையும் சேத்துக்கிட்டா நாம, அவர விட்டுட்டா நாங்க. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வி. "வி வில் பே ஃபார் த கொரியர்"னு எழுதுனா, கம்பெனி கட்டுதா, ரெண்டு பேரும் பிரிச்சுக்கறதா? அதனால அந்த மாதிரி இடத்துல கம்பெனி பேரப் போட்டு எழுதுன்னாரு. மறுநாளே ஆபீஸ்ல ஒரு மெயில அப்படி மாத்துனேன்.

உச்சரிப்புக்கு ஒரு சின்ன ஷேவிங் கண்ணாடி வெச்சிருக்காரு, அது கை மாறிட்டே வரும். நம்ம ஃபீல்டுல ஃபிட் சாம்பிள்னு ஒரு நாளைக்கு பத்து தடவ சொல்றோம், எல்லாரும் பிட் சாம்பிள்னுதான் சொல்றோம், பிட்டுனா குழி. மேல் பல்லு கீழ் உதட்டுல லேசா படணும், கண்ணாடில பாத்துக்கிட்டே காத்த விடணும். நான் வீட்டுல ரசத்துக்கு தாளிக்கறப்ப கூட ஃபிட், ஃபேப்ரிக், ஃபினிஷ்னு சொல்லிப் பாப்பேன், எம் பொண்ணு கூடவே சொல்லும். பஸ்ஸு, புக்கு, செட்டுனு கடைசில ஒரு உ சேத்து முடிக்கறதையும் திருத்துறாரு, ஆனா அதுக்காக யாரையும் மட்டமா பேசுனதில்ல, நம்ம மொழில வல்லெழுத்துல ஒரு வார்த்தை முடியாது, அதனால வாய் தானா உகரத்த தேடுதுன்னு காரணம் சொல்லுவாரு. காரணம் தெரிஞ்சா வெக்கம் போயிருது, அது உண்மைங்க.

ஒரு நாளு நான், எங்க பையர் ஸ்பெயின்காரங்க, அவங்க பேசறதே எனக்கு பிடிபடலனு சொன்னேன். ஸ்பெயின்காரங்களுக்கு ஸ்கூல்னு ஆரம்பிக்கறது கஷ்டம், எஸ்கூல்னுதான் வரும், நம்ம தாத்தா பாட்டி இஸ்கூல்னு சொல்ற மாதிரியேதான்னாரு. அடுத்த கால்ல காத குடுத்து கேட்டேன். "எஸ்டைல்"னாங்க. அட, ஸ்டைல்! அந்தம்மாவும் என்னைய மாதிரி இங்கிலீஷ படிச்சு வந்தவங்கதான், அவங்க ஊர் வாயோடதான் பேசுறாங்க, ஆனா நிறுத்தாம பேசுறாங்க. அத்தன வருஷமா நான் அவங்கள ஏதோ பரீட்சை வைக்கற டீச்சர் மாதிரி பாத்துட்டிருந்தேன். நாலு வருஷமா பேசற ஒரு பொம்பளைய அன்னிக்குதான் ஒரு மனுஷியா நெனச்சுப் பேசுனேன். அதே கால்ல அவங்க லேப் டிப், அதாவது சாயம் போட்டு அனுப்புற சின்ன மாதிரித் துணியோட கலரப் பத்தி என்னமோ சொல்ல, எனக்கு பிடிபடல, "சாரி, ஐ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட், குட் யூ ரிப்பீட் ப்ளீஸ்"னு கேட்டேன், குரல் கொஞ்சம் நடுங்குச்சு. அவங்க நிதானமா திருப்பி சொன்னாங்க, நாங்க பகல் வெளிச்சம் மாதிரி இருக்கற டி65 லைட்டுல பாத்து கலர் சேருதுனு அனுப்பிருக்கோம், அவங்க கடை லைட்டு டிஎல்84, அதுல பாத்தா சேரல. ஒரு நிமிஷ விஷயம். அன்னிக்கு சாயங்காலமே லைட் பாக்ஸ்ல வெச்சுப் பாத்து சாயம் போடற டையிங்குக்கு சொல்லியாச்சு. கேக்காம ஓகேனு சொல்லிருந்தா இன்னொரு 9 நாளு.

கிளாஸ்ல கூட படிக்கறவங்கள பத்தியும் சொல்லணும், ஏன்னா இந்த மாதிரி கிளாஸ் ஆளுங்கள எப்புடி மாத்துதுனு அவங்கள பாத்தாதான் தெரியும். நிட்டிங் மெஷின் ஓட்டற ஒரு அண்ணன் இருக்காரு, 45 வயசிருக்கும், மெஷின் மேனுவல் படிக்கணும்னு வர்றாரு. +2 படிக்கற ஒரு பொண்ணு இருக்கு, அது எங்களோட எல்லாம் பேசவே பேசாது, அண்ணா அக்கானு கூப்பிட்டு தலைய குனிஞ்சுக்கும். வெள்ளிக்கிழமை விவாதம் நடக்கும். பொம்பளப் புள்ளைங்கள வெளியூர் காலேஜுக்கு அனுப்பலாமா வேண்டாமானு ஒரு வாரம் வந்துச்சு. அண்ணன் வேண்டாம்னு பேசுனாரு. அந்தப் பொண்ணு எந்திரிச்சு, அவர நேராப் பாத்து, "ஐ டோன்ட் அக்ரீ வித் யூ"னு ஆரம்பிச்சுது. ரூமே கப்சிப்னு ஆயிருச்சு. அண்ணனுக்கு மூஞ்சி செவந்துச்சு, ஆனா உக்காந்து முழுசா கேட்டாரு, கேட்டுட்டு பதிலும் சொன்னாரு.

முடிஞ்சு படி எறங்கறப்ப அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன், எப்புடிடா கண்ணு அவ்வளவு தைரியமா சொன்னேனு. "தமிழ்ல நீங்க சொல்றது தப்புங்கண்ணானு என்னால சொல்லவே முடியாதுங்கக்கா, யூனு சொல்றப்ப அவரு பெரியவரா சின்னவரானு யோசிக்க வேண்டியதில்லல்ல"னு சொல்லுச்சு. நான் இத வீட்டுக்கு வந்தும் யோசிச்சேன். நம்ம மொழில மரியாதை ஒவ்வொரு வார்த்தைலயும் இருக்கு, அது அழகு, அத விடச் சொல்லல. ஆனா பெரியவங்ககிட்ட மாத்துக் கருத்து சொல்லி பழகாத ஒரு புள்ளைக்கு, பழகிப் பாக்க இன்னொரு மொழி ஒரு இடம் குடுத்துருக்கு. ரெண்டு மாசம் கழிச்சு அதே பொண்ணு, வீட்டுல அப்பாகிட்ட தமிழ்லயே உக்காந்து பேசி கோயம்புத்தூர் காலேஜுக்கு சம்மதம் வாங்கிருச்சு. அண்ணன்தான் எல்லாருக்கும் மிட்டாய் வாங்கிட்டு வந்தாரு.

ஒரு தம்பி மட்டும் வேற மாதிரி போனான். ரெண்டாம் வருஷ காலேஜ், வேகமா கத்துக்கிட்டான், அப்புறம் வீட்டுல அவங்கம்மா ஃபேன பேனுனு சொன்னா திருத்தறானாம், அவன் கூட வர்றப்ப பஸ்ல அம்மாவ பேசாம வரச் சொன்னானாம். இது சார் காதுக்கு எப்புடியோ போயிருச்சு. அவரு திட்டல. வாராவாரம் சனி ஞாயிறுக்கு ஒரு வீட்டுப்பாடம் உண்டு, வீட்டுல இருக்குற பெரியவங்ககிட்ட அவங்களுக்கு தெரிஞ்ச ஒரு வேலையப் பத்தி கேட்டுட்டு வந்து திங்கக்கிழமை இங்கிலீஷ்ல சொல்லணும். அவனுக்கு, சந்தகை, இடியாப்பம் மாதிரி புழியறது, அத எப்புடி செய்யறதுனு அம்மாகிட்ட கேட்டுட்டு வானு குடுத்தாரு. திங்கக்கிழமை வந்தவன் அரிசி எவ்வளவு நேரம் ஊறணும்னு சொன்னான், மாவு கெட்டியா தண்ணியானு சார் கேட்டதுக்கு முழிச்சான், எப்ப புழியணும் சூடா ஆறியானு கேட்டதுக்கும் தெரியல. "அம்மாகிட்ட இன்னொரு தடவ உக்காந்து கேட்டுட்டு வா கண்ணு"னு மறுபடி அனுப்புனாரு. மூணு வாரம் அவனுக்கு சந்தகைதான். மூணாவது வாரம் அவங்கம்மாவே ஒரு தூக்குல சந்தகை போட்டு அனுப்பிருந்தாங்க, தேங்காப்பாலோட.

அந்த வீட்டுப்பாடத்துக்காக நான் எங்க மாமியார்கிட்ட கேட்டேன். கல்யாணம் ஆகி ஒன்பது வருஷம், ஒரே வீடு, அவங்க சின்ன வயசுல பனியன் கம்பெனில கைமடியா, அதாவது டைலருக்கு ஹெல்ப்பரா இருந்தாங்கனு தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது, கேட்டதும் இல்ல. அன்னிக்கு ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சுட்டு உக்காந்து ஒன்றரை மணி நேரம் பேசுனாங்க. டைலர் பக்கத்துல நின்னுக்கிட்டே பீஸ எடுத்து மடிச்சு குடுத்தது, மத்தியானம் டைலர் சாப்பிடப் போற நேரத்துல அவங்களா மெஷின்ல உக்காந்து வேஸ்ட் துணில தெச்சுப் பழகுனது, ஒரு நாள் சூப்பர்வைசர் பாத்துட்டு, இனி நீ பவர் டேபிள்ல, அதாவது தையல் மெஷின்ல உக்காருன்னது. திங்கக்கிழமை அத சொன்னேன், கைமடிக்கு இங்கிலீஷ்ல என்னனு தெரியல, கைமடினே சொல்லிட்டு விளக்குனேன், நாலு நிமிஷமும் நிக்காம ஓடுச்சு. வீட்டுக்கு வந்தா அத்தை வாசல்லயே கேக்குறாங்க, "என்னையப் பத்தி என்ன கண்ணு சொன்ன, சொல்லு பாக்கலாம்"னு. புரியாதுங்கத்தனேன். புரியாட்டி பரவால்ல சொல்லுன்னாங்க. முழுசா சொன்னேன், அவங்க கைமடி, பவர் டேபிளு, சூப்பர்வைசருங்கற வார்த்தை வர்றப்பல்லாம் தலையாட்டிக்கிட்டே கேட்டாங்க.

குறைகளும் சொல்றேன். ரூம் ரெண்டாவது மாடில, படி செங்குத்து, முட்டி வலி இருக்கறவங்களுக்கு கஷ்டம். 14 பேருக்கு ரெண்டு ஃபேனு, சித்திரை வைகாசில வேர்த்து ஊத்தும். பாத்ரூம் கீழ் மாடில. எழுத்துக்கு இங்க முக்கியத்துவம் இல்ல, மெயில் எழுதறது எப்பவாவதுதான் வரும், எனக்கு அதுல இன்னும் வேணும்னு இருக்கு, ரெண்டு தடவ கேட்டுட்டேன், பாக்கலாம்ங்கறாரு. ஆரம்ப நிலைல இருக்கறவங்களையும் ஓரளவு பேசறவங்களையும் ஒரே பேட்ச்ல போடறதால, நல்லா பேசறவங்களுக்கு மொத மாசம் இழுக்கற மாதிரி இருக்கும். சர்டிபிகேட் கிடையாது.

ஐஇஎல்டிஎஸ், அதாவது வெளிநாடு போறவங்க எழுதற இங்கிலீஷ் பரீட்சை எழுதப் போறவங்க இங்க வராதீங்க, சாரே வேண்டாம்னுருவாரு. அதுல கேக்கறது, படிக்கறது, எழுதறது, பேசறதுனு நாலும் இருக்கு, பேசறது 11ல இருந்து 14 நிமிஷம்தான், ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு ரெண்டு நிமிஷம் வரைக்கும் பேசற பகுதி ஒண்ணு இருக்கு, அதுக்கு மட்டும் இங்க பழகுனது உதவும். மத்ததுக்கு தனியா பயிற்சி வேணும். அதே மாதிரி ஒரு மாசத்துல இன்டர்வியூ இருக்கு, அதுக்குள்ள வேணும்ங்கறவங்களுக்கும் இது ஆகாது. எனக்கு வாய் தொறக்கவே ஆறு வாரம் ஆச்சு.

பொண்ணுங்களுக்கு பாதுகாப்பு எப்படினு கேப்பீங்க. 8 மணிக்கு டாண்ணு விட்டுருவாரு, பஸ் ஸ்டாப் கூப்பிடு தூரம், நாங்க ஆறு பேரு சேந்துதான் எறங்குவோம், இதுவரைக்கும் ஒரு பிரச்சனையும் இல்ல. லேட்டா வந்தா திட்டமாட்டாரு, கம்பெனில விட நேரமாச்சுனா புரிஞ்சுக்குவாரு. ஃபோன மட்டும் வாசல்ல இருக்குற டப்பாவுல போட்டுட்டுதான் உள்ள போகணும்.

நான் அஞ்சுக்கு நாலரை குடுப்பேன், அரை குறைச்சது மெயில் எழுத சொல்லித்தராததுக்கு. மொத ரெண்டு நாளு காசில்லாம உக்காந்து பாக்கலாம், பிடிச்சா மட்டும் சேரலாம். 80 பக்க நோட்டு ஒண்ணும் தண்ணி பாட்டிலும் போதும். மொத நாளே எந்திரிச்சு நின்னு தமிழ்ல ரெண்டு நிமிஷம் பேசச் சொல்லுவாரு, அதுக்கு மட்டும் தயாரா போங்க.